பெண்ணாக விழுந்த வருடங்கள்

இருபத்திரண்டு வருடம் நான் சினிமாவில் பெண்ணாக விழுந்தேன். மாடியிலிருந்து, ஓடுகிற லாரியிலிருந்து, குதிரையிலிருந்து, ஒரு தடவை கிணற்றுக்குள். கதாநாயகி விளிம்பு வரை ஓடிவந்து நிற்பார். கேமராவை நிறுத்துவார்கள். அதே புடவையைக் கட்டி, அதே நிற ரவிக்கையைப் போட்டு, தலையில் நீளச் சவுரியோடு நான் போய் அவர் நின்ற இடத்தில் நிற்பேன். விழுவது நான். கீழே மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பது அவர்.

அப்பா அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். வளர வேண்டிய வயதில் நான் வளராமல் ஐந்தடி இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டேன். ஆனால் உடம்பு சொன்னபடி கேட்கும். ஸ்கூலில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடும் மாதங்களில் காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறிக் கரணம் அடித்துக் குதிப்பேன். இருபது வயதில் சென்னைக்குப் போய் ஒரு சண்டைப் பயிற்சியாளர் முன்னால் நின்றேன். சினிமாவில் அவர்களை மாஸ்டர் என்பார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வில்லனோட ஆளுங்க கூட்டத்துல உன்னை நிறுத்தினா கேமராவுக்கே தெரிய மாட்டே. மீசையை எடுத்துட்டு நாளைக்கு வா."

எடுத்துவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு மீசை வைக்கவில்லை. கைகளில் முடி இருக்கக் கூடாது என்று ப்ளேடு போட்டு வழித்துக்கொள்வேன். சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி பேசுவார்கள். மற்ற ஃபைட்டர்கள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். மாஸ்டர் மட்டும் ஊர்ப் பெயரைச் சொல்லி 'திருச்சி' என்பார். ஆரம்பத்தில் இதெல்லாம் வலித்தது. நாலைந்து படங்கள் போன பிறகு வலிக்கவில்லை. ஏனென்றால் புடவையோடு விழுவது எல்லோருக்கும் வராது என்று எனக்குத் தெரிந்துபோனது. பேன்ட் போட்டுக்கொண்டு இருபதடி குதிப்பவன் புடவையில் பத்தடி குதித்தால் காலை உடைத்துக்கொள்வான். எங்கே பின் குத்த வேண்டும், எங்கே குத்தினால் முதுகில் ஏறும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் கொசுவம் காலைச் சுற்றும், எல்லாம் என் உடம்பில் இருந்தது.

எனக்கு வாய்த்த மனைவி தையல்காரி. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் வாடகை வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். சென்னைக்கு வந்துவிடு என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், "பெருமாளையும் கஸ்டமரையும் விட்டுட்டு அங்க வந்து நான் என்னங்க பண்ண?" என்று கேட்டாள். அதனால் நான் வடபழனியில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவேன். எனக்கான ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் சாக்கட்டியால் கோடு போடுவாள்.

"எங்கெங்க அடி படும்னு சொல்லுங்க."

சொல்வேன். அந்த இடங்களில் துணிக்கு நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, வெளியே தெரியாமல் தைத்துக் கொடுப்பாள். எந்த நடிகையின் ரவிக்கைக்கும் அவ்வளவு கவனம் போயிருக்காது.

ஒரு தடவை மாமனார் வீட்டு ஆட்களோடு திருச்சியில் தியேட்டருக்குப் போனோம். படத்தில் கதாநாயகி மதில் மேல் ஓடி, கீழே போகும் வைக்கோல் வண்டியில் குதித்தாள். தியேட்டரில் விசில். என் மைத்துனி கைதட்டினாள். இருட்டில் என் மனைவி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கர்வமாக நான் உட்கார்ந்திருந்ததில்லை.

எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது அந்தப் பெண் வந்தாள்.

இருபத்துமூன்று வயது. திருவெள்ளறைப் பக்கம் விவசாயக் குடும்பம். காலேஜில் கபடி ஆடியவள். அவளும் எங்கள் ஜில்லா என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் தாங்கியிருப்பேன். முதல் நாள் ஸ்டூடியோவில் மினிபஸ்ஸின் கூரையிலிருந்து குதிக்கும் ஷாட். நான் புடவை கட்டித் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் வந்து, "திருச்சி, இன்னைக்கு இந்தப் பொண்ணு போடட்டும். நீ ஒரு நிமிஷம் பாரு" என்றார்.

பார்த்தேன். அவள் ஓடினாள், குதித்தாள், உருண்டு எழுந்தாள். டைரக்டர் மானிட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, "இனிமே க்ளோஸ்லயே வைக்கலாம் மாஸ்டர். முகத்தை மறைக்கவே வேண்டாம் போலிருக்கு" என்றார். மாஸ்டர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கழுத்து திரும்புறதைப் பாத்தியா? என்ன இருந்தாலும் நிஜப் பொண்ணுதான்."

அப்போது கதாநாயகி எழுந்து வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கன்னத்தோடு கன்னம் வைத்து மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டார். அவருக்காக நான் மூன்று படங்களில் விழுந்திருக்கிறேன். ஒருமுறை அவருடைய உடையில் நான் விழுந்தபோது என் நெற்றி கிழிந்து நாலு தையல். அன்றைக்கும் அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கூச்சமாக இருந்திருக்கலாம். அவருடைய புடவையில் ஒரு ஆம்பளை. எனக்கு அது புரிந்தது. புரிந்தாலும் அன்று கேரவனுக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொரு பின்னாகக் கழற்றி மண்ணில் எறிந்தேன். அதை வலி என்று நினைத்தேன். பொறாமை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

அதற்குள் என்னைப் பெண் வேடத்துக்குக் கூப்பிடுவது நின்றுவிட்டது. அடியாள் கூட்டத்தில் ஐந்தாவது வரிசையில் நின்றேன். அட்டைப்பெட்டி அடுக்கினேன். குதிப்பவர்கள் விழுவதற்குக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவோம். அதைப் பெட் என்போம். நான் மீசை வளர்த்தேன். ஊரில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தது.

அந்தப் பெண் நல்லவள். அதுதான் கஷ்டம். என்னை எங்கே பார்த்தாலும் "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். ஊருக்கு வரும்போது பல தடவை ஒரே பஸ்ஸாக அமைந்துவிடும். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு நாள் திருச்சியில் இறங்கியதும், "அண்ணி ரவிக்கை தைக்கிறாங்களாமே, பேட் வச்சு. எனக்கும் தைச்சுத் தருவாங்களா?" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுக்கக் காரணம் தேடினேன். அதற்குள் அவள் என்னோடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

என் மனைவிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அளவெடுத்தாள், இட்லி வைத்தாள், தலையில் எண்ணெய்கூட வைத்துவிட்டாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உள்ளே கேட்கும் பேச்சைக் கேட்டேன்.

"எங்கெங்க அடி படும்னு சொல்லு."

எனக்கு மட்டும் சொல்லும் வார்த்தை என்று நான் அதை நினைத்திருந்தேன். அவள் போன பிறகு, "ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் தைச்சுத் தரணுமா?" என்று கேட்டேன். மனைவி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "தையல்காரி வேற என்னங்க செய்வா?"

அதன்பிறகு அந்தப் பெண் விழுந்த படங்கள் வந்தால் தனியாகப் போய்ப் பார்ப்பேன். அவள் குதிக்கிற இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தப்பு நடக்க வேண்டும் என்று. கால் கோணலாக விழ வேண்டும், சவுரி நழுவ வேண்டும், யாராவது சிரிக்க வேண்டும். எதுவும் நடக்காது. பக்கத்து சீட்டில் யாராவது 'சூப்பர்' என்பார்கள். எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

இப்போது எழுத வேண்டியதுதான் எழுதக் கஷ்டமானது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பக்கமே ஒரு படப்பிடிப்பு வந்தது. மண்ணச்சநல்லூரைத் தாண்டி, ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ் மில். முதல் மாடியில் மூட்டை இறக்குவதற்காக வைத்த பெரிய வாசல். அங்கிருந்து கதாநாயகி தப்பித்து வெளியே குதிக்கிறாள். பதினெட்டு அடி இருக்கும். சொந்த ஊர் என்பதால் என் மனைவியும் மைத்துனியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுடைய அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் திருவெள்ளறையிலிருந்து ஆட்டோவில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மாஸ்டரே போய் நாற்காலி போட்டுக் கொடுத்தார். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

பெட் அடுக்கும் வேலை எனக்கு. அடுக்கிவிட்டு மாடிக்கு ஏறி, விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். இது என் பழக்கம். குதிக்கப் போகிறவன் சுவரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வாசலுக்கு நாலடி கீழே பழைய சன்ஷேடு உடைந்துபோய், அதிலிருந்து ஒரு கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்துச் சுவர் நிறத்திலேயே இருந்ததால் கீழேயிருந்து தெரியாது.

ரிகர்சலில் அவள் ட்ராக் பேன்ட்டோடு இரண்டு தடவை குதித்தாள். கம்பிக்கு ஒரு முழம் தள்ளித்தான் போனாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டேக் எடுக்கும் முன் டைரக்டர், "முந்தானை நல்லா பறக்கணும், பின் குத்தாதீங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. முந்தானையை அவிழ்த்துவிட்டால் அது பின்னால் எங்கே போகும் என்பது அந்த இடத்தில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானாக இருந்தால் பின் இல்லாமல் குதிக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அல்லது அந்தக் கம்பியை அறுக்கச் சொல்லியிருப்பேன். இரண்டு நிமிட வேலை.

அவள் மாடிக்கு ஏறும் முன் என்னிடம் வந்தாள். அரக்குப் புடவை. உள்ளே என் மனைவி தைத்த ரவிக்கை.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கா?"

"பெட் சரியா இருக்கும்மா" என்றேன்.

அது பொய் இல்லை. இன்றுவரை என்னால் அந்த வாக்கியத்தைப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் அதை மறக்கவும் முடியவில்லை. அவள் சாக வேண்டும், அடிபட வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. முந்தானை மாட்டிக்கொண்டு, ஷாட் கெட்டு, எல்லோர் முன்னாலும் அவள் அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

குதித்தாள். முந்தானை பறந்து கம்பியில் சிக்கியது. ஒரு நொடி அவள் அந்தரத்தில் நின்றாள். பிறகு உடம்பு சுவரை நோக்கி இழுபட்டு, தோள் போய் மோதியது. துணி கிழிந்து பெட்டின் ஓரத்தில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டாள். முதலில் ஓடியவன் நான்தான். தலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை இறுக்கமாகப் பிடித்திருந்தாள். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. சத்தம் போட்டது அவள் அம்மா.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காறை எலும்பு முறிந்து, தோள் மூட்டு நழுவியிருந்தது. ஆறு மாதம் கை தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மாஸ்டர் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திருச்சி, நீ மேல ஏறிப் பாத்தியே. கம்பி கண்ணுல படலையா?"

"இல்லை மாஸ்டர்."

அவர் நம்பினார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "லொகேஷன் இன்னைக்கு ஒரு நாள்தான். நீ போட்டுடுறியா?"

ரைஸ் மில் முற்றத்தில் குழாயடியில் நின்று மீசையை வழித்தேன். கம்பியை அறுத்துவிட்டிருந்தார்கள். வேறொரு அரக்குப் புடவை கொடுத்தார்கள். மாடி விளிம்பில் நின்றபோது கீழே எல்லா முகமும் என்னையே பார்த்தது. இரண்டு வருடமாக யாரும் அப்படிப் பார்க்கவில்லை. குதித்தேன். ஒரே டேக். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். மெத்தையில் மல்லாந்து கிடந்த அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். வேறு எதுவும் இல்லை. இதை மாற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. துக்கம் பிறகு வந்தது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

என் மனைவி மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ரவிக்கையை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். தோளைத் தூக்க முடியாததால் நர்ஸ் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார். அதை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"தோள்ல பேட் வைக்கலை நான். அங்க அடி படாதுன்னு அது சொல்லுச்சு" என்றாள். தன் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். நான் நினைத்ததைவிட நன்றாகத் திரும்பினாள். அந்த எட்டு மாதமும் பெண் வேடமெல்லாம் எனக்கு வந்தது. அவள் வந்ததும் போனது. பொறாமையும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. குற்றவுணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் நன்றாகவே குடித்தனம் செய்யும். அவளோ எனக்குக் கடமைப்பட்டவள் மாதிரி நடந்துகொண்டாள். "அன்னைக்கு அண்ணன்தான் தலையைப் பிடிச்சாரு. இல்லாட்டி கழுத்து போயிருக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்குக் கரும்பும் ஒரு மரக்கால் புது அரிசியும் திருவெள்ளறையிலிருந்து வரும். அந்தச் சோறு எனக்கு இறங்காது. மனைவி, "புது அரிசி குழையுதா?" என்று கேட்பாள்.

ஐம்பதை நெருங்கும்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டேன். காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடை, பிறகு மனைவிக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது, பட்டன் தைப்பது. அந்தப் பெண் மட்டும் வளர்ந்துகொண்டே போனாள். மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றால் செல்போன் கடை டிவியில் அவள் பேட்டி ஓடும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. ஒரு படத்துக்கு அவளையே மாஸ்டராகப் போட்டிருக்கிறார்கள். மாஸ்டர் ஆவது என் கனவாக இருந்ததே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் சொல்லக் கேட்டபோதுதான், இருபத்தெட்டு வருடமும் அதை நினைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேசரி கிண்ட அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்கதான் முதல்ல ஆசீர்வாதம் பண்ணணும்" என்றாள்.

நான் அப்போது சொல்லிவிட்டேன்.

மனச்சாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது அல்ல. அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைத் தாங்க முடியவில்லை. அது போக வேண்டும் என்று இருந்தது. என்னிடம் இருந்ததோ அந்த ஒன்றுதான்.

"அந்த மில்லுல கம்பியை நான் பாத்தேம்மா. குதிக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். சொல்லலை."

அவள் முதலில் சிரித்தாள், நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. சமையலறையில் கரண்டிச் சத்தமும் நின்றது.

"ஏண்ணே?"

"நீ விழணும்னு இருந்துச்சு."

அவள் வலது தோளை இடது கையால் தொட்டாள். மழை நாட்களில் அது இன்னும் வலிக்கும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு எழுந்து, சமையலறை வாசலில் நின்ற என் மனைவியிடம், "போயிட்டு வரேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

என் மனைவி அடுப்பை அணைத்தாள். வாணலியில் ரவை பாதி வறுபட்டுக் கிடந்தது.

"பத்து வருஷம்" என்றாள். "பத்து வருஷமா நான் தோள்ல பேட் வைக்காததை நெனைச்சுக்கிட்டு இருந்தேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். ஆனால் அந்தப் பதினேழு நாளிலும் அவள் தினமும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ததை நான் கவனித்தேன். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து எனக்குப் போன் வந்தது. அவள்தான். குரலில் 'சாப்பிட்டீங்களா' இல்லை.

"அரியமங்கலத்துல ஒரு பட்டறையில ஃபைட் எடுக்குறேன். மூணு நாள். நீங்க வரணும்."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? முட்டி மடங்காது."

"குதிக்க வேண்டாம். பசங்க குதிக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும். உங்க கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை. அது எனக்குத் தெரியும். மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. அது வேற."

போனேன். அப்பா வேலை பார்த்த பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. நான் ஏணியில் மெதுவாக ஏறி ஒவ்வொரு விளிம்பையும் கையால் தடவினேன். கூரைத் தகரத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. ஒரு இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. சொன்னேன். அவள் ஆளை அனுப்பிச் சரிசெய்தாள். நன்றி சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போது அவள் கண் ஒரு நொடி என் முகத்தில் நின்று, நான் எதையாவது விழுங்குகிறேனா என்று தேடும். தேடட்டும் என்று நின்றேன். குதித்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக எழுந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அவள் 'டேக்' என்று கத்தும்போது எழுபது பேர் மூச்சைப் பிடித்தார்கள். அந்தக் குரலுக்காக நான் எதையும் கொடுப்பேன் என்று தோன்றியது.

அந்தப் படம் போன மாதம் வெளியானது. முதல் நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, கிளம்புங்க. ரெண்டு டிக்கெட்தான் போட்டேன்" என்றாள். என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாமே நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அந்த 'எல்லாமே' எனக்குப் போதவில்லை.

மறுநாள் காலைக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். பழைய மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பட்டறைச் சண்டையில், மேலிருந்து விழும் ஒருவன் தரையில் படுவதற்குச் சற்று முன்பே விழும் சத்தம் கேட்டுத் திரும்ப வேண்டியவன் தலையைத் திருப்பிவிடுகிறான். அரை நொடித் தப்பு. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றாள். "அந்த டேக்ல விழுந்த பையன் நல்லா விழுந்தான். அவனை இன்னொரு தடவை விழ வைக்க எனக்கு மனசு வரலை. அதான் விட்டுட்டேன்."

சரிம்மா என்று போனை வைத்தேன். உள்ளேயிருந்து மனைவி, யார் போனில் என்று கேட்டாள். "மாஸ்டர்" என்றேன்.